சத்தத்தை ஒளித்தோம், புகையை மறந்தோம்: வீட்டு ஜெனரேட்டரின் வரலாறு (நீண்ட இழை)

1/
உங்க வீட்டுல ஜெனரேட்டர் இருக்கா? போன தடவை கரண்ட் போனப்ப அதை எங்க வெச்சு ஓட்டுனீங்க? போர்டிகோவிலா, மாடிப்படிக்கு அடியிலா, பின்பக்கச் சந்திலா?

அதோட ஏர் ஃபில்டரைக் கடைசியா எப்போ கழட்டிப் பார்த்தீங்க?

இந்த ரெண்டு கேள்விக்கும் தொடர்பு இருக்கு. அதைப் புரிஞ்சுக்க நூற்றைம்பது வருஷத்துக்கு மேல ஒரு கதையைச் சொல்லணும். மழைக்காலம் தொடங்கும் முன் நேரம் ஒதுக்கிப் படித்துவிடுங்கள்.

2/
முதலில் கொஞ்சம் வேதியியல். பயப்படாதீங்க, கொஞ்சம்தான்.

பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், விறகு, கரி எல்லாவற்றிலும் கார்பன் இருக்கிறது. போதுமான காற்று கிடைத்து முழுசா எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும். காற்று போதாமல் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும்.

இதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, கண்ணும் எரியாது. ஜெனரேட்டர் பக்கத்தில் நமக்கு மூக்கில் ஏறும் நெடி மற்ற பொருட்களுடையது. நெடி இல்லாத இடத்திலும் இந்த வாயு இருக்கலாம். இது கார்பனும் ஆக்ஸிஜனும் சேர்ந்த சேர்மம் என்று 1800-ல் கண்டுபிடித்துச் சொன்னவர் வில்லியம் குரூக்‌ஷாங்க் என்ற ஸ்காட்லாந்துக்காரர்.

சுருக்கமா ஒரு பெயர் வெச்சுக்குவோம்: பாதி எரிந்த எரிபொருள்.

3/
"பாதி எரிந்தது" என்று ஏன் சொல்கிறேன்? ஏனென்றால் மீதியையும் எரிக்க முடியும்.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. அப்போ நம்ம ஊரில் கரிவாயு பஸ் ஓடியதாகத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க. பஸ்ஸுக்குப் பின்னாடி பெரிய உருளை மாதிரி ஓர் அடுப்பு, அதில் கரியைப் போட்டு, காற்றைக் குறைத்துக் கொடுத்து எரிப்பார்கள். அதிலிருந்து வரும் வாயுவை இன்ஜினுக்கு அனுப்புவார்கள். அந்த வாயுவில் எரியக்கூடிய முக்கியமான பொருளே கார்பன் மோனாக்சைடுதான்.

அதாவது ஒரு பஸ்ஸையே இழுக்கும் சக்தி உள்ள பொருள் அது. உங்க ஜெனரேட்டரின் சைலன்சர் வழியாக அது அதிகமாக வெளியே போகுதுன்னா, நீங்க காசு கொடுத்து வாங்கிய எரிபொருள் பாதி வேலையில் வெளியேறுகிறது என்று அர்த்தம். பராமரிப்பு என்கிற விஷயம் இங்கிருந்துதான் தொடங்குது.

4/
உடம்புக்குள் இது என்ன செய்யும்?

1850களில் பிரான்ஸில் கிளாட் பெர்னார்ட் என்ற உடலியல் மேதை, இந்த வாயுவைச் சுவாசித்து இறந்த விலங்குகளின் ரத்தம் எல்லா இடத்திலும் பளிச்சென்ற சிவப்பாக இருப்பதைக் கவனித்தார். மூச்சுத் திணறி இறந்தால் ரத்தம் கருமையாக அல்லவா இருக்க வேண்டும்? ரத்தச் சிவப்பணுவில் ஆக்ஸிஜன் உட்காரும் இடத்தில் இந்த வாயு போய் உட்கார்ந்துவிடுகிறது என்பதை அவர் காட்டினார்.

நம் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பிடிப்பதைவிட இதைச் சுமார் 200 முதல் 250 மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். பஸ்ஸில் எல்லா சீட்டிலும் ஆள் இருக்கு, ஆனா யாரும் இறங்க மாட்டேங்கறாங்க. ஸ்டாப்பில் ஆக்ஸிஜன் நின்றுகொண்டே இருக்கும். ஏற முடியாது.

5/
1895-ல் இங்கிலாந்தில் ஜான் ஸ்காட் ஹால்டேன் இன்னொரு படி மேலே போனார். அளந்து கலந்த கார்பன் மோனாக்சைடைத் தானே சுவாசித்து, தனக்கு என்னென்ன ஆகிறது என்று குறிப்பு எடுத்தார். தலைவலி, படியேறினால் மூச்சு வாங்குதல், கால் தள்ளாடுதல், யோசனை குழம்புதல்.

கடைசியா சொன்னதுதான் ஆபத்து. யோசிக்கும் மூளையே முதலில் மந்தமாகிவிடுவதால், "வெளியே போகணும்" என்ற எண்ணமே வராது.

நிலக்கரிச் சுரங்க வெடிவிபத்துகளில் இறந்தவர்களில் பெரும்பாலோர் தீயால் சாகவில்லை, வெடிப்புக்குப் பிறகு பரவிய இந்த வாயுவால்தான் செத்தார்கள் என்று காட்டியவரும் அவர்தான். சுரங்கத்துக்குள் சின்ன உயிரினங்களைக் கொண்டுபோகச் சொன்னதும் அவரே. சின்ன உடம்பு, வேகமான மூச்சு. மனிதனுக்கு முன்னால் அது மயங்கி விழும். அதைப் பார்த்து ஆட்கள் தப்பிக்கலாம். பிரிட்டன் சுரங்கங்களில் கேனரி குருவிகள் 1986 வரை இந்த வேலையைப் பார்த்தன.

அந்தக் குருவியின் இடத்தில் நம் வீட்டில் இருப்பது யார் தெரியுமா? குழந்தைகள். அவர்களும் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறார்கள்.

6/
இனி இன்ஜின் கதைக்கு வருவோம்.

1876-ல் ஜெர்மனியில் நிகோலஸ் ஓட்டோ நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினை ஓட்டிக் காட்டினார். அது ஒரு பட்டறையின் மூலையில் அசையாமல் நிற்கும் கனமான சாமான். 1893-ல் வில்ஹெல்ம் மேபாக் ஒரு நுண்துளை வழியாக எரிபொருளைத் தூவி காற்றோடு கலக்கும் கார்புரேட்டரை உருவாக்கினார். இன்றைக்கும் நம் சின்ன ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் இருப்பது இந்த யோசனையின் வாரிசுதான்.

இதைக் கவனிங்க. இன்றைய பைக், காரில் கம்ப்யூட்டர் ஒன்று புகையை மோப்பம் பிடித்து எரிபொருள் அளவைத் திருத்துகிறது. புகையைச் சுத்தம் செய்ய கேட்டலிடிக் கன்வர்ட்டர் வேற இருக்கு. சாதாரண வீட்டு ஜெனரேட்டரில் ரெண்டும் இருக்காது. அதோட, காற்றால் குளிரும் சின்ன இன்ஜின் சூடாகாமல், தடுமாறாமல் ஓடணும்னு எரிபொருளைக் கொஞ்சம் தாராளமாகக் கலக்கும்படியே அமைத்திருப்பார்கள்.

இதனால்தான் ஒரு சின்ன ஜெனரேட்டர், ஐட்லிங்கில் நிற்கும் நூற்றுக்கணக்கான கார்கள் அளவுக்கு கார்பன் மோனாக்சைடு வெளியிடலாம் என்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. சைஸைப் பார்த்து எடை போடாதீங்க.

7/
வீட்டுக்கு என்று ஜெனரேட்டர் வந்தது எப்போது?

1916-ல் அமெரிக்காவின் டேட்டன் நகரிலிருந்து டெல்கோ லைட் என்ற சாதனம் விற்பனைக்கு வந்தது. பின்னணியில் இருந்தவர் சார்லஸ் கெட்டரிங், காருக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் கண்டுபிடித்தவர். மின்கம்பி போகாத பண்ணை வீடுகளுக்காகச் செய்தது: ஓர் இன்ஜின், ஒரு டைனமோ, கண்ணாடி ஜாடிகளில் பேட்டரி வரிசை, 32 வோல்ட். பகலில் இன்ஜின் ஓடி பேட்டரியை நிரப்பும், ராத்திரி விளக்கு எரியும். நம்ம இன்வெர்ட்டருக்குத் தாத்தா.

இதை ஒரு ஆள் தூக்க முடியாது. ஓர் இடம் பார்த்து நிலையாக நிறுவி, புகைக்குழாயை வெளியே விட்டு வைக்கிற சாமான். எடையே ஒரு பாதுகாப்பாக இருந்தது. மழை வந்ததும் "இதை உள்ள தள்ளுப்பா" என்று சொல்ல வழியில்லை.

8/
அந்தப் பாதுகாப்பு போன கதை ஜப்பானில் நடக்கிறது.

1946. போரில் தோற்று நொந்துபோன ஜப்பான். ஹமாமட்சு ஊரில் சோய்ச்சிரோ ஹோண்டா என்ற மெக்கானிக், ராணுவ வயர்லெஸ் கருவிக்கு மின்சாரம் கொடுக்கச் செய்யப்பட்ட சின்ன ஜெனரேட்டர் இன்ஜினைப் பார்க்கிறார். போர் முடிந்ததால் அவை வேலையற்றுக் கிடந்தன. அதை எடுத்து சைக்கிளில் பொருத்தினார். முதல் மாதிரி வண்டிக்கு பெட்ரோல் டேங்க், குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்கும் வெந்நீர்க் குடுவை! பெட்ரோல் கிடைக்காததால் பைன் மரப் பிசின் எண்ணெயைக் கலந்து ஓட்டினார்கள்.

ஜெனரேட்டர் இன்ஜினில் பிறந்த அந்தக் கம்பெனி, 1965-ல் இ300 என்ற ஜெனரேட்டரைக் கொண்டுவந்தது. மேலே கைப்பிடி வைத்த பெட்டி. சூட்கேஸ் மாதிரி தூக்கிட்டுப் போகலாம்.

அருமையான பொறியியல். சந்தேகமே இல்லை. ஆனால் இதோடு ஜெனரேட்டர் வைக்கும் இடத்தைத் தீர்மானிக்கும் வேலை, நிறுவ வருகிற மெக்கானிக்கிடமிருந்து நம்மிடம் வந்துவிட்டது.

9/
இந்தியாவில் 1985-ல் ஸ்ரீராம் ஹோண்டா தொடங்கியது. அதன் பிறகு கடைகளிலும் கிளினிக்குகளிலும் கல்யாண மண்டபங்களிலும் சின்ன ஜென்செட் பரவியது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் மாடல்கள் இங்கே ரொம்பப் பிரபலம். எண்பது தொண்ணூறுகளில் கடைத்தெருவில் வளர்ந்தவங்களுக்கு அந்த வாசனையும் கயிற்றை இழுக்கும் சத்தமும் இன்னும் நினைவிருக்கும்.

பிறகு 2008-ல் தொடங்கி 2013 வரை நீண்ட தமிழக மின்வெட்டு. 2012-ல் சென்னைக்கு 2 மணி நேரம், மற்ற மாவட்டங்களில் பல இடங்களில் 10 மணி நேரத்துக்கும் மேல். ப்ளஸ் டூ பிள்ளைகள் மெழுகுவத்தியில் படித்த காலம். இன்வெர்ட்டர் சார்ஜ் ஏறக்கூட கரண்ட் இருக்காது. வசதி இருந்தவர்கள் ஜெனரேட்டர் வாங்கினார்கள், மற்றவர்கள் வாடகைக்கு எடுத்தார்கள்.

அடுத்து புயல்கள். 2011 தானே, 2016 வர்தா, 2018 கஜா. கஜாவுக்குப் பிறகு டெல்டா கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றுவதும் செல்போன் சார்ஜ் போடுவதும் ஜெனரேட்டர் புண்ணியத்தில்தான் நடந்தது. இந்த இயந்திரத்தைத் திட்டுவதற்கு நான் வரவில்லை. ஊரையே காப்பாற்றியிருக்கிறது.

10/
ஆனால் வாங்கியவர்கள் அதை எங்கே வைத்தார்கள்?

வெளியே வைத்தால் திருடு போகும். மழையில் நனையும். பக்கத்து வீட்டுக்காரர் சத்தத்துக்குச் சண்டைக்கு வருவார். மூன்றும் நியாயமான பயம். மூன்றும் சேர்ந்து ஜெனரேட்டரை ஒவ்வொரு அடியாக வீட்டுக்குள் தள்ளும்: வாசல், போர்டிகோ, ஷெட்டர் போட்ட கடை, படிக்கட்டுக்குக் கீழே.

இது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. நைஜீரியாவில் வீட்டுக்கு வீடு சின்ன ஜெனரேட்டர். அதில் மிகச் சின்ன வகைக்கு மக்கள் வைத்த பட்டப்பெயர் "பக்கத்து வீட்டுக்காரனை விட நான் மேல்" என்ற அர்த்தத்தில் வரும். அங்கேயும் திருட்டு பயம்தான், அங்கேயும் ராத்திரி உள்ளே இழுத்து வைத்துத் தூங்கி, குடும்பமாக இறந்துபோன செய்திகள் உண்டு.

பணக்கார நாட்டிலும் இதே கதைதான். 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகு அமெரிக்காவில் பலர் ஜெனரேட்டர் புகையால் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 2007 முதல், ஒவ்வொரு ஜெனரேட்டரிலும் எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்று அங்கே விதி. வீட்டுக்குள் ஓட்டினால் சில நிமிடங்களில் உயிர் போகும், கதவு ஜன்னல் திறந்திருந்தாலும் ஓட்டாதே என்பது அதன் சாரம்.

ஒட்டியும் என்ன ஆச்சு? 2020-ல் லாரா புயல் லூசியானாவைத் தாக்கியது. கடல் பொங்கி வந்து கொல்லும் என்று எல்லாரும் பயந்தார்கள். அந்தக் கடல்வெள்ளத்தில் அங்கே யாரும் சாகவில்லை. புயல் கடந்த பிறகு ஜெனரேட்டர் புகையில் பலர் செத்தார்கள். லேக் சார்ல்ஸ் நகரில் ஒரு குடும்பம், வீட்டோடு ஒட்டிய கராஜில் ஜெனரேட்டரை வைத்திருந்தது. கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த கதவு முழுசாகச் சாத்தப்படவில்லை.

புயலுக்குத் தப்பியவர்கள், புயலுக்கு அடுத்த ராத்திரியில் போனார்கள்.

11/
இப்போ முதல் கேள்விக்கு வருவோம். ஏர் ஃபில்டருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இன்ஜினுக்கு மூக்கு ஏர் ஃபில்டர். தூசு அடைத்தால் காற்று குறையும். காற்று குறைந்தால் எரிபொருள் பாதிதான் எரியும். சோக் என்பதும் வேண்டுமென்றே காற்றைக் குறைக்கும் கதவுதான், குளிர்ந்த இன்ஜினை எழுப்புவதற்காக. ஸ்டார்ட் ஆனபிறகு அதைத் திறந்துவிட மறந்தால் இன்ஜின் மூச்சுத் திணறிக்கொண்டே ஓடும்.

மாதக்கணக்கில் டேங்கில் கிடக்கும் பெட்ரோல் கெட்டுப்போய், கார்புரேட்டருக்குள் கோந்து மாதிரி படியும். இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். நுண்துளைகள் அடைத்தால் சோக் போட்டால்தான் ஓடும் நிலைமை. "சோக்கைத் தள்ளினா நின்னுடுது டாக்டர், அதான் அப்படியே விட்டுட்டேன்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வண்டி எப்போதும் விஷத்தை அதிகமாக்கிக்கொண்டே ஓடுகிறது.

கறுப்புப் புகை, சைலன்சர் வாயில் கரி, பிளக் முனையில் கறுப்புப் படிவம், வழக்கத்தைவிட எரிபொருள் செலவு. இவை எல்லாம் ஒரே நோயின் அறிகுறிகள்.

12/
பராமரிப்பு பெரிய வித்தை கிடையாது:

ஏர் ஃபில்டர்: ஸ்பாஞ்ச் வகை என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, மேனுவலில் சொன்ன அளவு ஆயில் தடவிப் பிழிந்து மாட்டுங்கள். சுமார் 50 மணி நேர ஓட்டத்துக்கு அல்லது 3 மாதத்துக்கு ஒருமுறை. தூசு ஊரென்றால் சீக்கிரமாகவே.

இன்ஜின் ஆயில் (நாலு ஸ்ட்ரோக் வண்டிக்கு): புது வண்டியில் முதல் 20 மணி நேரத்தில் மாற்றுங்கள். அப்புறம் பொதுவாக 100 மணி நேரம் அல்லது 6 மாதம். உங்க மாடலின் மேனுவல் வேற சொன்னால் மேனுவலே வேதம்.

ஸ்பார்க் பிளக்: 100 மணி நேரத்துக்கு ஒருமுறை கழட்டிச் சுத்தம்.

எரிபொருள்: பல மாதம் ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் டேங்கைக் காலி செய்யுங்கள். எரிபொருள் வால்வை மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் கார்புரேட்டரும் காலியாகும். ஓடும்போதும் சூடாக இருக்கும்போதும் பெட்ரோல் ஊற்றாதீர்கள்.

மாதம் ஒருமுறை, திறந்த வெளியில், ஃபேன் லைட் லோடோடு கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்கள்.

13/
இதெல்லாம் செய்த வண்டியை வீட்டுக்குள் வைக்கலாமா? கூடவே கூடாது.

பளபளவென்று சர்வீஸ் செய்த ஜெனரேட்டரும் மூடிய இடத்தில் ஆளைக் கொல்லும். ஓடஓட அறையில் உள்ள ஆக்ஸிஜனும் குறைவதால் எரிதல் இன்னும் மோசமாகும். பராமரிப்பு விஷத்தைக் குறைக்கும், இல்லாமல் செய்யாது. ஜன்னலைத் திறப்பதும் எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவதும் போதாது.

வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகை வாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க, ஜன்னல், கதவு, ஏசி, பக்கத்து வீட்டுப் படுக்கையறை எதற்கும் நேராக இல்லாமல். மழைக்கு நான்கு பக்கமும் திறந்த கூரை. திருட்டுக்கு சங்கிலியும் பூட்டும். அந்த இடம் உங்க வீட்டில் இல்லையென்றால், உங்களுக்கு இன்வெர்ட்டர்தான் சரி. ஜெனரேட்டர் வேண்டாம்.

14/
ஒரு டாக்டராக நான் சொல்ல வேண்டிய மிக முக்கியமான பகுதி இது.

அறிகுறி: தலைவலி, குமட்டல், வாந்தி, கிறுகிறுப்பு, அசதி. இது சாப்பாடு ஒத்துக்காத மாதிரியே இருக்கும். ஒரே வீட்டில் மூணு பேருக்கு ஒரே நேரத்தில் வந்தால் "நேத்து சாப்பிட்ட பரோட்டா" என்று முடிவு கட்டுவது சுலபம். ஆனால் கரண்ட் இல்லாத ராத்திரி, ஜெனரேட்டர் ஓடியது, வெளியே வந்ததும் கொஞ்சம் தேவலை என்றால் புகையைத்தான் முதலில் சந்தேகப்படணும்.

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் பலர் வீட்டில் இருக்கும். 1974-ல் ஜப்பானின் டகுவோ அயோயாகி தந்த அற்புதமான கருவி. ஆனால் இந்த விஷயத்தில் அதை நம்பாதீங்க. அது ரத்தத்தின் நிறத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. கிளாட் பெர்னார்ட் பார்த்த அதே பளிச் சிவப்பை, ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தம் என்று எடுத்துக்கொள்ளும். ஆள் மயங்கிக் கிடப்பார், மெஷின் 98 காட்டும்.

"முகம் சிவந்திருக்கும்" என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். உயிரோடு வருபவர்களிடம் அதை அரிதாகத்தான் பார்ப்போம். அதுக்காகக் காத்திருக்காதீங்க.

15/
என்ன செய்யணும்?

கதவைத் திறந்து ஆட்களை வெளியே கொண்டுவாருங்கள், அதுதான் முதல் வேலை. உள்ளே நின்று யோசிக்காதீர்கள், உங்களுக்கும் அதே காற்றுதான். 108-ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால், தெரிந்தவர்கள் சிபிஆர் ஆரம்பியுங்கள்.

ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டிய ஒரே வாக்கியம்: "வீட்டுக்குள்ள ஜெனரேட்டர் ஓடுச்சு." இதை நீங்க சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரிய வழியே இல்லாமல் போகலாம்.

சாதாரணக் காற்றில் இந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும். முகமூடி வழியாக முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் அது நடக்கும். வைத்தியம் சீக்கிரம் தொடங்குவதற்கு அவ்வளவு மதிப்பு. கர்ப்பிணி என்றால் அம்மா தெளிவாக இருந்தாலும் கட்டாயம் கொண்டுவாருங்கள். வயிற்றில் உள்ள குழந்தையை விட்டு இந்த வாயு இன்னும் மெதுவாகத்தான் வெளியேறும். பிழைத்தவர்களுக்கும் சில நாள், சில வாரம் கழித்து ஞாபக மறதி, நடை தடுமாற்றம் வரலாம். மறுபரிசோதனைக்கு வாங்க.

16/
கடைசியா ஒரு கோரிக்கை.

வெளிநாடுகளில் இப்போது சில ஜெனரேட்டர்களில் சென்சார் வருகிறது, வாயு கூடினால் தானாக நின்றுவிடும். வீட்டில் மாட்டும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் உண்டு, இங்கேயும் ஆன்லைனில் கிடைக்கிறது. முடிந்தால் ஒன்று வாங்கி படுக்கையறைப் பக்கம் மாட்டுங்கள். அலாரம் இருக்குன்னு ஜெனரேட்டரை உள்ளே கொண்டுவந்துடாதீங்க.

அலாரம் வாங்க முடியாதவங்க இந்த வாரம் ரெண்டு வேலை மட்டும் செய்யுங்க. ஏர் ஃபில்டரைக் கழட்டிப் பாருங்க. அடுத்து, வெளியே 20 அடி அளந்து, ஜெனரேட்டர் வைக்கும் இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்க. புயல் ராத்திரியில், மழையில், இருட்டில், குழந்தை அழும்போது யோசித்து முடிவெடுக்க முடியாது. அந்த முடிவை இப்பவே எடுத்து வெச்சிடுங்க.

தெருவில் ஜெனரேட்டர் வைத்திருக்கும் கடைக்காரர், வாடகைக்கு விடும் அண்ணன், ஷெட்டருக்குள் தூங்கும் வாட்ச்மேன் ஐயா, இவங்களுக்கு இந்த இழையைப் படிச்சுக் காட்டுங்க.